விழிக்க மறுக்கும் கணிப்பொறி

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒருநாள் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை இருண்டே கிடக்கிறது. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா? பொறுங்கள்! கணிப்பொறி விழிக்கக் கற்ற வரலாற்றை அறிந்தால், கோளாறு இருக்கும் இடம் புலப்படும்.

1975-இல் வந்த ஆல்டேர் 8800 என்னும் அமெரிக்கக் கணிப்பொறிக்குத் தானாக விழிக்கத் தெரியாது. மின்சாரத்தை நிறுத்தியதும் அதன் நினைவகம் வெறுமையாகிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் முகப்புச் சுவிட்சுகளைத் தள்ளித் தள்ளி, தொடக்க ஆணைகளை மனிதரே ஊட்ட வேண்டியிருந்தது.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யிலோ இவ்வாணைகள் அழியாத நினைவகச் சில்லில் பொதிந்திருந்தன. அது தன் உறுப்புகளைத் தானே சோதிக்கும். எல்லாம் சரியெனில் 'பீப்' என ஒருமுறை ஒலிக்கும். பிறகே வட்டைத் தேடும்.

இன்றைய மடிக்கணினியும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் விழிக்கிறது. ரெட்டியார்பாளையத்தில் பழுதுபார்ப்பவரும் இவ்வரிசையிலேயே தேடுவார். விளக்கே எரியவில்லையா? சார்ஜரையும் பாட்டரியையும் பாருங்கள். திரை இருண்டு, பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்கிறதா? நினைவகப் பலகை தளர்ந்திருக்கலாம். சார்ஜரையும் பாட்டரியையும் கழற்றிய பின், பலகையை எடுத்து மீண்டும் பொருத்திப் பாருங்கள். நிறுவனச் சின்னம் தோன்றியபின் நின்றுவிடுகிறதா? வட்டையோ அதிலுள்ள இயக்க அமைப்பையோ ஐயுறுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: பொறி விழிக்காவிட்டாலும் வட்டு பழுதாகியிருக்க வேண்டியதில்லை. அதை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, உங்கள் பாடக்குறிப்புகளையும் படங்களையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதற்குமுன் அதைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்.