வசியம்

‘வசம்’ என்னும் வடசொல்லுக்கு இச்சை, ஆளுகை என்று பொருள்; அதனின்றே ‘வசியம்’ பிறந்தது; ‘பரவசம்’ அதன் உறவு. மாந்திரிக நூல்கள் வகுக்கும் அஷ்டகர்மங்களில் வசியமும் ஒன்று. எனினும் ஜவ்வாது மலையூர்த் திருவிழாவிலே உடுக்கையொலி ஏற ஏறக் கண் செருகி, தோள் குலுங்கி, தன் பெயரையும் மறந்து குறி சொல்பவரைச் ‘சாமி வந்திருக்கிறது’ என்பார்களேயன்றி, வசியப்பட்டார் என்று எவரும் சொல்லார். வசியம் மனிதன் மனிதனுக்குச் செய்வதல்லவா?

ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1840களில், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘ஹிப்னாடிசம்’ என்று பெயரிட்டதை நம்மவர் ‘மனோவசியம்’ என்றனர். அவர் உறக்கத்தைக் கண்டார். நம்மவர் ஆளுகையைக் கண்டனர். நம்மவர் கண்டதே சரி என்பது என் கட்சி. 1885இல் பாரிஸ் சென்று நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோவிடம் அவ்வித்தையைக் கண்டு வியந்த, உளப்பகுப்பாய்வின் தந்தை பிராய்டு, எல்லா நோயாளிகளும் வசப்படாமையாலும், வசப்பட்டோர் குணமும் வைத்தியரோடு கொண்ட பந்தத்தையே பற்றி நின்றமையாலும், பின்னர் அதனைக் கைவிட்டார். நோயாளி சாய்ந்த மஞ்சம் மட்டும் எஞ்சியது. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸும் மனோவசியம் பயின்றவரே.

இக்காலத்தார் மனோவசியத்தை ‘அறிதுயில்’ என்றும் எழுதுகின்றனர். அது பாற்கடலில் பள்ளிகொண்டவனின் யோகநித்திரை. அவனை யாரும் வசப்படுத்தவில்லை.