புனித வின்சென்ட் தே பவுல் சபை

கத்தோலிக்கப் பங்குகளில் ஏழை எளியோருக்குத் துணைநிற்கும் பொதுநிலையினர் இயக்கம். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில் பிரெடெரிக் ஓசனாம் என்னும் 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் இதைத் தொடங்கினர். ஏழைகளின் வீடுகளுக்குச் செல்ல ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரி அவர்களுக்கு வழிகாட்டினார்.

கிளைகள் பெரும்பாலும் பங்கு அளவில் இயங்குகின்றன. செபத்தோடு தொடங்கும் கூட்டத்தில் சுற்றிவரும் பையில் ஒவ்வொருவரும் இயன்றதைப் பிறர் அறியாமல் போடுவர். பின்னர் இருவர் இருவராக வீடு தேடிச் சென்று, குறை கேட்டு, அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் என உதவுவர். சாதி, மதம் பார்ப்பதில்லை. இந்த நேரடிச் சந்திப்பே பணியின் உயிர்நாடி. விசுவாசம் செயலாவது இங்கேதான்.

தமிழகத்திலும் இலங்கையிலும் பல பங்குகளில் இச்சபை உண்டு. ஓசனாமுக்குத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1997இல் அருளாளர் பட்டம் அளித்தார்.