திறமையா, அதிர்ஷ்டமா?

யானைக்கவுனியிலிருந்து உயர்நீதிமன்றம் நடக்கிற தூரம்தான். அங்கே சீட்டாட்டம் பற்றி நடந்த வாதத்தை ஒரே ஒரு போக்கர் கையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

கட்டாயப் பந்தயமாக நீங்க 100, பக்கத்தவர் 50 போட்டாச்சு. ஒருத்தர் 300 ஆக ஏத்துறார், பக்கத்தவர் விலகிட்டார். உங்க கையில ராஜாவும் பத்தும், வேறு வேறு ஜாதி. இன்னும் 200 போட்டால் நடுவில் 650. 31 சதவீதம் ஜெயித்தாலே போதும். ஆனால் இனி ஒவ்வொரு சுற்றிலும் நீங்கதான் முதலில் பேசணும். அவர் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார். கணக்கு 'போடு' என்கிறது, இருக்கை 'விடு' என்கிறது. இதை எடைபோடுவதுதான் திறமை.

1967-ல் சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு போல வெறும் அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும் என்றது. 2022 தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்டப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் கேள்வியையே கலைத்தது: ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவானாலும் தடை.

ஒன்று மட்டும் மிச்சம். திறமை ஆட்டம் என்று நிரூபித்தால், திறமை குறைந்தவர் நாளடைவில் தோற்றே தீருவார் என்பதையும் சேர்த்துத்தானே நிரூபிக்கிறோம்?