தைத்த சட்டையும் தோளில் போட்ட சீலையும்: தென்திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களின் வீட்டு உடை

நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காகத் தென்திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைக் கலகத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். 1903-இல் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றை எழுதிய சி. எம். ஆகூர், 1968-இல் இதற்கெனவே தனிக்கட்டுரை வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், அவர்களை அடியொற்றி வந்தவர்கள் என எல்லோரிடமும் சந்தையும் வழக்குமன்றமும் எரிந்த கிறிஸ்தவக் கோயில்களும் அரச விளம்பரங்களுமே முன்னிற்கின்றன. அதில் வியப்பில்லை, அடி விழுந்தது அங்கேதான். ஆனால் சந்தையில் சீலை கிழிபட்ட அதே பெண் வீடு திரும்பி அடுப்பு மூட்டியபோது என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால், கலகத்தின் கதை சற்று வேறு விதமாகத் தெரிகிறது. அரசு கொடுத்தது ஓர் உடை; பெண்கள் கேட்டது வேறோர் உடை. கொடுத்தது வீட்டுக்குள்ளும் உடம்பை விட்டு நீங்காத தைத்த சட்டை. கேட்டது வெளியே போகும்போது தோளில் போடும் சீலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், குப்பாயம் என்ற அந்தச் சட்டையைப் போட அனுமதி கிடைத்த பிறகும் ஏன் நாற்பது ஆண்டுகள் சண்டை நீடித்தது என்பது விளங்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் திருவிதாங்கூரில் மார்பை மூடுவதும் திறப்பதும் வீடு, வெளி என்ற பாகுபாட்டைச் சார்ந்ததாக இல்லை. எதிரே நிற்பது யார் என்பதே கணக்கு. மேல்சீலை அணியும் உரிமை பெற்ற நாயர் பெண்ணும் நம்பூதிரியின் முன்னும் கோயில் நடையிலும் அதை நீக்கி நிற்க வேண்டும். நாடார், ஈழவர் முதலிய சாதிப் பெண்களுக்கோ ஏறத்தாழ எல்லோருமே எதிரே நிற்கும் மேலோர்தான். ஆகவே இடுப்புக்கு மேல் எப்போதும் துணி கூடாது. நாடார்களுக்கு விதிக்கப்பட்டிருந்த மற்றத் தடைகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை கூடாது, வீட்டுக்கு மாடி கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கூட வரக் கூடாது. தலையில்தான் சுமக்க வேண்டும். குடம் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை சட்டம் பேசிய நாட்டில் ஒரு முழத் துணி சிறிய விஷயமாக இருந்திருக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, கம்பெனி ஆட்சியிலிருந்த திருநெல்வேலியில், அதே சாதிப் பெண்களுக்கு இப்படியொரு அரச தடை கிடையாது. கணவாயின் இருபுறமும் கொண்டு கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள் அவை.

‘கிறிஸ்தவப் பெண்ணின் உடை’ என்று அரசு பேசத் தொடங்கியபோது அப்படி ஒரே உடை எதுவும் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மத்தியத் திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் வெள்ளைச் சட்டையும் முண்டும் அணிந்தார்கள். ‘வி’ வடிவக் கழுத்தும் குட்டைக் கையும் கொண்ட தளர்ந்த சட்டை. பின்புறம் விசிறி மடிப்பாகத் தொங்கும் ஞொறி வைத்துக் கட்டிய முண்டு. சமையற்கட்டிலும் முற்றத்திலும் இவ்வளவுதான். பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்குப் போகும்போது மட்டும் கவணி என்ற மெல்லிய மேல்துணியை எடுத்துத் தோளில் சுற்றிக்கொள்வார்கள். தெற்கே கடற்கரையில் 1544-இல் பிரான்சிஸ் சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற முக்குவர் சமூகத்துப் பெண்களோ முரட்டுத் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டினார்கள். அவர்களிடம் சட்டை கிடையாது. இருவரும் கிறிஸ்தவர்களே. முந்நூறு ஆண்டுகள் ஒரே வேதத்தைக் கேட்டும் அவர்கள் உடை ஒன்றாகவில்லை. சாதி அதை ஒன்றாக விடவில்லை.

மூன்றாவது கூட்டம் பிறகு வந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பின் பேரில் 1806-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் முதல் கோயில் எழுந்தது. 1816-இல் அவர் போய்விட, அதன் பின் சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் ஆகியோர் நாகர்கோவிலில் தங்கினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்கள். மீட்டும் மால்ட்டும் வருவதற்கு முன்பே, திவானாகவும் கம்பெனியின் ரெசிடென்டாகவும் இருந்த கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் மற்ற நாட்டுக் கிறிஸ்தவர்களைப் போல மார்பை மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டிருந்தார். மேல்சாதியினரும் அரசவையினரும் முறையிடவே 1814-இல் உத்தரவு திருத்தப்பட்டது: சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் போடுவது போன்ற குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது.

இந்தத் திருத்தத்தைச் சமரசம் என்று எழுதிவிட்டுக் கடந்து போவது வழக்கம். எனக்கு அதில் அதற்கு மேலும் ஒன்று தெரிகிறது. சீலை என்பது தையல் இல்லாத துணி. தோளிலிருந்து நழுவவிட்டால் மரியாதை. இழுத்துப் போட்டால் தன்மானம். அந்தச் சமூகத்தின் உடல்மொழி முழுவதும் இந்த நழுவலை நம்பியே இருந்தது. தைத்த சட்டையை அப்படி நழுவவிட முடியாது. போட்டால் போட்டதுதான், தம்பிரான் வந்தாலும் தலையாரி வந்தாலும் அது உடம்பில் இருக்கும். மேல்சாதியினர் தங்கள் அடையாளமான சீலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பதிலுக்குச் சட்டையை விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சட்டையோ, எதிரே நிற்பவர் யார் என்ற பழைய கணக்கையே பொருளற்றதாக்கும் உடை. இதை அன்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சட்டை எங்கோ மூலையில் கிடக்கும் வீட்டு விஷயம் என்று நினைத்திருக்கலாம்.

மிஷன் வீட்டுப் பெண்களுக்கோ அந்த மூலைதான் முக்கியம். 1819-இல் வந்து சேர்ந்த திருமதி மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். படிப்போடு தையலும் ரேந்தை (லேஸ்) பின்னலும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. மடியில் கெட்டித் தலையணை. அதன்மேல் கோலம் வரைந்த தாள். கோட்டின் ஓரமெங்கும் குத்திய ஊசிகள். நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு விரற்கடை அகல ரேந்தையை வளர்க்க வேண்டும். பின்னியதை ஐரோப்பியர்களுக்கு விற்றார்கள். பள்ளியிலிருந்த அடிமைக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் இந்தக் காசைச் சேர்த்தே விடுதலை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். கிறிஸ்தவப் பெண்கள் அணியத் தகுந்தது என்று மிஷன் பெண்மணிகள் வகுத்துக்கொடுத்த தளர்ந்த, குட்டைக் கைச் சட்டையும் இதே கைகளில் உருவானதுதான். எவ்வளவோ பேசப்பட்ட அரச உத்தரவுகளைவிட இந்தத் தையல் வகுப்பு செய்த வேலை அதிகம் என்பது என் கருத்து. உத்தரவு அனுமதி கொடுக்கும்; சட்டை கொடுக்காது. துணி வாங்கக் காசு வேண்டும், வெட்டத் தெரிய வேண்டும், தைக்க ஊசி வேண்டும்.

இந்தச் சட்டைக்குப் பின்னால் ஒரு போதனையும் இருந்தது. பவுலும் பேதுருவும் தம் நிருபங்களில் பெண்களின் ஆடைக்குச் சொல்லும் அடக்கம் ஆள் பார்த்து மாறுவதல்ல. கடவுள் எப்போதும் பார்க்கிறார் என்பதால் எப்போதும் வேண்டியது. விக்டோரியா காலத்துக்குச் சற்று முந்திய ஆங்கிலக் குடும்ப ஒழுக்கம் இதோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே அடுக்களையில் தனியாக இருக்கும் பெண்ணும் உடுத்தியிருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதாகப் புகுந்தது. வெப்பமும் ஈரமும் நிறைந்த அந்த ஊரில் வீட்டுக்குள் திறந்த உடம்போடு இருப்பதை மேல்சாதிப் பெண்களும் குறையாக நினைத்ததில்லை. அதைக் கூச்சத்துக்குரியதாக மாற்றியதில் மிஷனுக்குப் பெரும்பங்கு உண்டு. விடுதலை வரலாறாக மட்டும் இதைப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். குடும்ப ஜெபம் இன்னொரு காரணம். மாலையில் வீட்டிலேயே வேதம் வாசித்து முழங்காலிடும் பழக்கம் வந்தபோது, வீட்டின் ஒரு பகுதி அந்த நேரத்துக்குக் கோயிலாயிற்று. ஜெபிக்கும் பெண் தலையை மூட வேண்டும் என்பது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம். தலையை மூடச் சட்டை போதாது. அதற்கு ஒரு துணி வேண்டும். ஆக, வீட்டு உடைக்குள்ளேயே சீலைக்கும் ஒரு தேவை பிறந்தது.

பெண்கள் சட்டையோடு நின்றுவிடாததற்கு இது ஒரு காரணம் மட்டுமே. பெரிய காரணம் நேரானது: அவர்களுக்கு வேண்டியிருந்தது மதிப்பு. சட்டை போட்டு, அதன்மேல் நாயர் பெண்களைப் போலச் சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். 1822-இல் கல்குளம் பகுதியில் அடிதடி தொடங்கியது. அடுத்த ஆண்டு பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் சட்டை போடலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமையை 1814-ஆம் ஆண்டு உத்தரவே கொடுத்திருந்தது. 1827-க்குப் பின் மீண்டும் மூண்ட கலகத்தில் கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3-இல் ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் வந்த விளம்பரம் சட்டையை அனுமதித்து, சீலையைத் திட்டவட்டமாகத் தடை செய்தது. அதே விளம்பரம் ஊழியம் என்ற கூலியில்லா வேலை செய்யும் கடமையையும் நினைவூட்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. உடையும் ஊழியமும் ஒரே தாளில் இடம்பெற்றது தற்செயல் அல்ல. சீலை போட்ட பெண்ணை ஊழியத்துக்குக் கூப்பிடுவது கடினம்.

மிஷனரிகள் இந்த இடத்தில் தடுமாறினார்கள் என்றே சொல்ல வேண்டும். அடக்கம்தான் நோக்கம் என்றால் சட்டையே போதும். அரசு அதைத்தான் கேட்டது. தங்கள் சபைப் பெண்கள் கேட்டதோ அடக்கத்தை அல்ல, சமத்துவத்தை. சட்டைக்கு வேத வசனம் காட்ட முடிந்தவர்களால் சீலைக்கு அவ்வளவு எளிதாகக் காட்ட முடியவில்லை. ஆயினும் சபையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. மனுக்கள் எழுதினார்கள், ரெசிடென்டிடம் போனார்கள். பெண்கள் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

1858-இல் மூன்றாம் முறை. இம்முறை இந்து நாடார் பெண்களும் சட்டையும் சீலையும் போட்டிருந்தார்கள். மிஷன் வகுத்த வீட்டு உடை மதத்தின் எல்லையைத் தாண்டிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நவம்பரில் வெளிவந்த விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தை இருதரப்பும் தத்தமக்குச் சாதகமாகப் படித்துக்கொண்டார்கள். சந்தைகளில் பெண்களின் மேலாடை பறிக்கப்பட்டது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு 1859 ஜூலை 26-இல் உத்தரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. நாடார் பெண்கள் எல்லோரும் கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலச் சட்டை போடலாம். அல்லது முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். எப்படியானாலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

இந்த விளம்பரத்தைக் கவனமாகப் படித்தால் அரசு வேடிக்கையான வேலை செய்திருப்பது தெரியும். நாட்டிலிருந்த கிறிஸ்தவ உடைகளையெல்லாம் முன்னுதாரணங்களாக எடுத்து வைத்தது. 1814-இல் சிரியன் சட்டை, 1859-இல் முக்குவர் துணி. பேசியதெல்லாம் மதத்தின் உடை. காத்ததெல்லாம் சாதியின் உடை. ஆனால் விளம்பரத்தின் கடைசி நிபந்தனையை யாரும் அதிகநாள் மதிக்கவில்லை. சட்டையும் சீலையும் சேர்ந்த உடையே தென்திருவிதாங்கூரில் நிலைத்தது. பிறகு அது ரவிக்கையும் புடவையும் ஆயிற்று. சிரியன் பெண்களும் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்லப் புடவைக்கு மாறினார்கள். சட்டையும் முண்டும் முதிய அம்மச்சிமாரோடு நின்று, இப்போது பெரும்பாலும் மார்க்கம்களி நடன மேடையில் காணக் கிடைக்கிறது. இதற்கிடையே நைட்டி வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது. தைத்த, தளர்ந்த, வீட்டுக்குள் போதுமானதாகக் கருதப்படும் உடை. வாசலில் மீன்காரர் கூப்பிட்டால் தோளில் ஒரு துண்டு ஏறிவிடும். 1814-ஆம் ஆண்டு உத்தரவு பிரித்து வைத்த இரண்டும் சாதியை விட்டுவிட்டு இப்படித் தொடர்கின்றன.

தைத்த சட்டை மற்றச் சாதிகளின் வீடுகளுக்குள் நுழைந்த விதத்துக்கு ஒரு நல்ல சாட்சியம் உண்டு. ஈழவர் தலைவரும் பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சருமான சி. கேசவன் தம் சுயசரிதையான ‘ஜீவிதசமர’த்தில் தம் மாமியார் சொன்ன நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். இளம்பெண்ணாக இருந்தபோது திருவனந்தபுரத்து உறவுப் பெண் ஒருத்தி அவருக்கு ரவிக்கை கொடுத்தாள். ஆசையாகப் போட்டுக்கொண்டு வீட்டில் நின்றவரைப் பார்த்ததும், முஸ்லிம் பெண்களைப் போலச் சட்டை போட்டுத் திரியப் போகிறாயா என்று தாய் சீறிக் கழற்றச் சொன்னாள். அதற்குள் விளம்பரங்களின் காலம் முடிந்துவிட்டிருந்தது. அந்த வீட்டுக்குள் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. வேற்று மதத்தின் உடை என்ற எண்ணமும் தாயின் பேச்சும் போதுமானவையாக இருந்தன. பகலில் கழற்றி வைத்த அந்த ரவிக்கையை அவர் தாய்க்குத் தெரியாமல் இரவில் எடுத்துப் போட்டுக்கொள்வாராம்.