பல வலைப்பூ, ஒரே அடித்தளம்: ஒரு சிறு வரலாறு



வரலாற்றுத் தாளில் காரணம், விளைவு பிரித்து எழுதப் பழகுகிறோம். கணினிப் பழுதைக் கண்டுபிடிக்கவும் அதே பழக்கம்தாங்க உதவும்.

வேர்ட்பிரஸ் 2003-இல் வெளிவந்தபோது ஒரு நிறுவலுக்கு ஒரு வலைப்பூதான். பல வலைப்பூக்களை ஒன்றாக நடத்த ‘வேர்ட்பிரஸ் எம்யூ’ தனியாகக் கிளைத்தது. 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில் அது மூல மென்பொருளோடு இணைந்தது. இந்த அமைப்பில் நிரலும் பயனர் பட்டியலும் தரவுத்தளமும் பொது. பதிவுகளுக்கான அட்டவணைகள் மட்டும் தளத்துக்குத் தளம் தனி. இன்று ஒரு தளத்துக்குக் குறைந்தது 10 அட்டவணை. 1,000 தளம்னா 10,000! தரவுத்தளம் திணறாம என்ன செய்யும்? அதனால்தான் பெரிய தொகுப்புகள் அவற்றைப் பல தரவுத்தளங்களுக்குப் பிரித்து வைத்தன.

2010 பிப்ரவரி 18 அன்று வேர்ட்பிரஸ்.காம் சுமார் 110 நிமிடம் முடங்கியது. 1 கோடிக்கும் மேற்பட்ட வலைப்பூக்கள் பாதிக்கப்பட்டன. காரணம் எந்த வலைப்பூவிலும் இல்லை. தரவு மையத்தின் முக்கிய ரூட்டர் ஒன்றில் செய்த மாற்றம்!

ஆகவே, உங்க பள்ளித் தொகுப்பு மெதுவானால் முதலில் கேளுங்க: ஒரு தளமா, எல்லாத் தளமுமா? ஒன்று மட்டும்னா அதன் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்க. எல்லாமே என்றால் பொதுவானதில் தேடுங்க: தரவுத்தளம், சர்வர், இணைப்பு. பிழைப் பதிவேட்டைப் படிக்காம, நகல் எடுக்காம எதையும் அழிச்சிடாதீங்க. மாணவர்களின் ஓராண்டு உழைப்பு அங்கேதான் இருக்கு.