கோணமாமலை: கல்லும் கடலும் காத்த வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரின் கீழ்பால், கடலை ஊடறுத்து நீண்டு நிற்கும் பாறைமுனை கோணமாமலை எனப்படும். சைவர்க்கு இது பாடல் பெற்ற தலம், ஐரோப்பியர்க்கு அரண், மீகாமர்க்கு நெடுந்தொலைவினின்றே கரை காட்டும் குறி. இம்முனையின் வரலாற்றை எழுதப் புகுந்தோருள் பலர் கோயிலை மட்டும் கருதினர். வேறு சிலர் கோட்டையை மட்டும் கருதினர். இரண்டனையும் ஈன்றது நிலத்தின் இயல்பே என்பதும், கோயிலுக்குரிய சான்றுகளிற் பல கோட்டையாலும் கடலாலும் காக்கப்பெற்றன என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறும்.

முதற்கண் நிலத்தை நோக்குவாம். இலங்கையின் பெரும்பகுதியைப் போலவே இம்முனையும் மிகத் தொன்மையான உருமாறிய பாறையால் ஆயது. மேற்கே நகரை நோக்கித் தாழ்ந்து செல்லும் இது, கிழக்கே முந்நூறு அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்று செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றது. வடபாலும் தென்பாலும் குடாக்கள் அமைந்துள்ளன. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவினின்று ஆழ்கடல் நோக்கிக் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று செல்கின்றது. எனவே, பிற கரைகளில் நெடுந்தொலைவு சென்றாலன்றி எய்தப்படாத ஆழம் இங்குக் கரைக்கு அணித்தாகவே உளது. செங்குத்தும் ஆழமுமாகிய இவ்விரண்டும் இம்முனையின் வரலாற்றை உருவாக்கின என்னலாம்.

இலக்கியச் சான்றுகளுள் தலையாயது ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் அருளிய பதிகம். அது மூன்றாந் திருமுறையில் உளது. முத்தைக் கொழிக்கும் கடலோதம் அப்பதிகத்திற் பேசப்படுகின்றது. எனினும், சம்பந்தர் கடல் கடந்து சென்றிலர். இராமேச்சுரத்திலிருந்தே கோணமலையைப் போற்றினர் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் தரும் செய்தி. ஆகவே அப்பதிகம் நேரிற் கண்டார் தரும் நிலக்குறிப்பன்று. ஏழாம் நூற்றாண்டிலேயே இத்தலத்தின் புகழ் தமிழகத்தில் பரவியிருந்தது என்பதற்கு ஐயமற்ற சான்று. மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. பாறையிற் காணும் பெரும் பிளவை மக்கள் 'இராவணன் வெட்டு' என்பர். பதிகத்தின் எட்டாம் பாடலில் இராவணன் செய்தி வருதலின், அவ்வழக்கு சம்பந்தர் காலத்தது என்று கூறத் தோன்றும். ஆயின், எட்டாம் பாடலில் இராவணனைக் கூறுதல் சம்பந்தர் பதிகங்கட்குப் பொதுவாய மரபு. அங்குப் பேசப்படுவதும் கயிலையை எடுத்த நிகழ்ச்சியே. பொதுமரபினை ஓரிடத்திற்குரிய சிறப்புச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பாலி நூலாகிய மகாவமிசம் இத்துறையைக் 'கோகண்ண' என்று குறிக்கின்றது. மகாசேன மன்னன் அங்கிருந்த தேவர் கோயிலை அழித்து விகாரம் எடுத்தான் என்று அந்நூல் கூறும். அழிக்கப்பட்டது சிவலிங்கக் கோயில் என்பது அதன் உரைகாரர் கொள்கை. இதனால் இம்முனை அமைந்த வட்டாரம் மிகப் பழங்காலந்தொட்டே பல சமயத்தாரும் நாடிய இடம் என்பது புலனாகும். திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளியிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கோணபர்வதத்து மத்ஸ்யகேஸ்வரமுடைய மகாதேவர்க்கு நிலம் நிவந்தமாக விடப்பட்டதைக் கூறுகின்றது. புராணத்தின் துணையின்றியே கோயிலின் இருப்பையும் செல்வத்தையும் நிறுவ வல்லது இக்கல்வெட்டு.

கோட்டையினுள் கிடைத்த கற்கள் அடுத்து ஆராயத்தக்கன. அவற்றுள் ஒன்று கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு. சக ஆண்டு 1145, அதாவது கி. பி. 1223-இல், சோடகங்க தேவன் என்பான் இங்கு வந்தமையை அது குறிக்கின்றது. திருப்பணி பல செய்தான் என்று கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் போற்றும் குளக்கோட்டன் இவனே என்று பரணவிதான கருதினார். இருவரையும் இணைக்கும் நேர்ச்சான்று அக்கல்வெட்டில் இன்மையின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது கருத்தளவிற் கொள்ளுதலே தகும்.

கோட்டை வாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லொன்றும் உளது. கயல் பாண்டியர் இலச்சினை என்பது யாவரும் அறிந்ததே. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலையில், சடாவர்மன் வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டொன்று, அம்மன்னன் கோணமலையில் இரு கயல் பொறித்தமையை மெய்க்கீர்த்தியாகப் பாராட்டுகின்றது. அக்கல்வெட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியது. மெய்க்கீர்த்திகள் மிகைபடக் கூறும் இயல்பின. எனினும் கடலுக்கு அப்பாலுள்ள கல்லின் கூற்றும் ஈண்டுள்ள கல்லின் உருவமும் ஒத்துநிற்றல் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

வாயிற் கல்லில் சிதைந்து காணப்படும் தமிழ்ப்பாட்டு ஒன்றும் உண்டு. குளக்கோட்டன் திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்று முற்காலத்தே கூறிய வருவதுரை அது என்பது மரபு. நிகழ்ச்சிக்குப் பின் பாடப்பட்டு, முன்னறிவிப்பாக வழங்கப்பட்டது என்று கொள்ளுதலே வரலாற்று நெறிக்கு ஒத்தது. அங்ஙனம் கொள்வதால் அப்பாட்டின் மதிப்புக் குன்றிவிடாது. பேரிழப்பொன்றை ஒரு மக்கட்கூட்டம் எவ்வாறு பொறுத்துக்கொண்டது என்பதற்கு அதுவே சான்றாகின்றது.

அவ்விழப்பு நேர்ந்தது பதினேழாம் நூற்றாண்டில். மலையடிவாரம் முதல் உச்சிவரை மூன்று கோயில்கள் இருந்தன என்று பின்னாளில் எழுதிய போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் குறித்துள்ளார். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா 1622-க்கும் 1624-க்கும் இடையே அவற்றை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். இருபுறமும் குடா, ஒருபுறம் செங்குத்து, ஒருபுறம் மட்டுமே நிலவழி என்னும் அமைப்புக் கோயிற்குத் தனிமையைத் தந்தது. கோட்டைக்கோ காவலைத் தந்தது. 1639-இல் ஒல்லாந்தரும், 1795-இல் ஆங்கிலேயரும் இதனைக் கைப்பற்றினர். 1803-இல் இது பிரெடரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. இடித்தோர் கல்லைக் கடலில் எறிந்ததோடமையாது சுவரிலும் வைத்துக் கட்டினமையால், எழுத்தும் கயலும் எஞ்சின. அழித்தோர் கட்டிய சுவரே அழிவுற்றதன் ஆவணமாயிற்று.

உச்சியில் நிற்கும் தூண் ஒன்று கட்டுக்கதையையும் ஆவணத்தையும் பிரித்தறிய வேண்டுவதை நன்கு காட்டும். அது பழைய கோயிலின் தூண் என்பர். அதில் பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கப்பலேறிச் செல்லக் கண்டு அவள் இம்முகட்டினின்று வீழ்ந்து மாண்டாள் என்பது கதை. ஆயின் அவள் அதன் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்தாள் என்பது ஒல்லாந்தர் பதிவுகளால் தெரிகின்றது.

மண்ணும் கடலும் மறைத்து வைத்தவை பின்னர் வெளிப்பட்டன. 1950-இல், பழைய கோயில் இருந்த இடத்திற்குச் சற்றுத் தொலைவில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய செப்புப் படிமங்கள் கிடைத்தன. 1956-இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பாறையடியில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். கடலினின்று இலிங்கமும் எடுக்கப்பட்டது. செங்குத்தின் கீழ் வீழ்ந்த கற்களை மனிதர் எளிதில் எடுத்துச் செல்ல இயலாமையே அவை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அங்குக் கிடந்தமைக்குக் காரணம். 1963-இல் புதுக்கோயிலின் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இந்நிலத்து உயிர்களின் வாழ்வும் அதே செங்குத்தையும் ஆழத்தையும் சார்ந்தது. கரைக்கு அணித்தாய ஆழ்நீரில் நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் வருகின்றன; கோயில் முகட்டில் நின்றே திமிங்கிலம் நீர் ஊதுதலைக் காண்டல் கூடும். 1982-க்கும் 1984-க்கும் இடையே 'டியூலிப்' என்னும் கப்பலில் வந்த அறிஞர்கள் இக்கடலிலும் அவற்றை ஆராய்ந்தனர். உள்நாட்டுப் போர் 2009-இல் முடிவுற்ற பின்னரே கடலாய்வும் காட்சிப் பயணமும் மீண்டும் தழைத்தன. வடக்கே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிற் கூடு கட்டுகின்றன. கோட்டையினுள்ளே புள்ளிமான் கூட்டம் அச்சமின்றி உலவுகின்றது. படைக்கெனக் கட்டிய மதில் மானுக்கு வேலியாயிற்று. ஆயின் வருவோர் எறியும் நெகிழிப் பைகளை உண்டு அம்மான்கள் மடிகின்றன என்பது வருந்தத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றால், கோணமாமலையில் கோயிலும் கோட்டையும் கடலும் உயிரினமும் தனித்தனியே ஆராயத்தக்கன அல்ல என்பது போதரும். கோட்டைச் சுவரில் உள்ள ஒவ்வொரு கல்லும் அது நிற்கும் இடத்திலேயே வைத்துப் படியெடுக்கப்படல் வேண்டும். கடலடிக் கற்களும் அளந்து வரையப்படல் வேண்டும். ஒரு கல்லை இடம் பெயர்ப்பின், அது கோயிலினின்று கோட்டைக்குச் சென்ற வரலாறு அழிந்துவிடும். பல மக்களும் தமதெனக் கருதும் இடத்தில், உரிமையை வலியுறுத்தும் குரல் பெரிதாதல் இயல்பு. அவ்விடத்தில், புராணத்தைப் புராணமாகவும் மெய்க்கீர்த்தியை மெய்க்கீர்த்தியாகவும் கல்லைக் கல்லாகவும் எடைபோட்டுரைத்தலே ஆராய்ச்சியாளர் கடன். தமிழர் மரபிற்கு அதனினும் உறுதியான அரண் பிறிதில்லை.