படிவமும் அதன் பின்னுள்ள விதிகளும்

ஜொகூர் மாநிலத்தில் பாசிர் கூடாங் துறைமுகம் 1977-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அங்கே வந்திறங்கும் இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க இலாகாவிடம் கே 1 படிவம் கொடுக்க வேண்டும். ஏற்றுமதிக்குக் கே 2. சரக்கு இன்னது, எந்த நாட்டிலிருந்து வந்தது, விலை என்ன என்று வணிகர் அதில் அறிவிக்கிறார். வரி விகிதமோ படிவத்தை வாங்கும் குமாஸ்தாவின் மனத்தில் இல்லை. எவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய வரிப் பட்டியலில் அது அச்சாகியிருக்கிறது. குமாஸ்தா மாறினாலும் பட்டியல் மாறுவதில்லை.

கணினியில் நாம் நிரப்பும் படிவங்கள் இந்த நிலையை அடைய நெடுநாள் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வலைப்பக்கத்தில் படிவம் 1993-ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. நிரப்பிய விவரங்களை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஒரு நிரல் காத்திருக்கும். பெர்ல் என்னும் கணினி மொழியில் அதைப் பலர் எழுதினர். 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. வந்த பின்பு வேலை இன்னும் எளிதாயிற்று. இவை யாவும் செயல்முறைக் கட்டளைகள். பெயரை எடு, காலியாக இருந்தால் நிறுத்து, தொகையை எடு, எண்தானா என்று பார், பிறகு சேமித்து வை. இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

சிறு படிவத்திற்கு இது போதும். ஆனால் படிவங்கள் பெருகியபோது, ஒரே விதி பத்து நிரல்களில் பத்து விதமாக எழுதப்பட்டது. ஒன்றில் திருத்தியதை மற்றொன்றில் மறந்தார்கள். ஒரு கட்டத்தைச் சோதிக்காமல் விட்டால், அதன் வழியே தீயவர்கள் தரவுத்தளத்திற்குள்ளேயே நுழைந்துவிட முடிந்தது. விண்ணப்பித்தவரின் நிலையோ பரிதாபம். “ஏற்கப்படவில்லை” என்று திரை சொல்லும். எந்த விதிப்படி என்று கேட்டால், கவுண்டரில் இருப்பவருக்கும் தெரியாது. விதி நிரலுக்குள் புதைந்து கிடந்தது.

மாற்று வழியைப் புரிந்துகொள்ளப் பாசிர் கூடாங்கின் செம்பனை எண்ணெய் ஆலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பசை நீங்குகிறது. அடுத்ததில் நிறம் வெளுக்கிறது. அதற்கடுத்து வாடை போகிறது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரே வேலை. நிரல்களையும் தோட்டத்து நீர்க்குழாய்போல் ஒன்றோடொன்று பொருத்தலாம் என்று டக் மக்கில்ராய் 1964-லேயே எழுதினார். 1973-இல் அது யூனிக்ஸில் நடைமுறைக்கு வந்தது. படிவத்திற்கும் அவ்வாறே செய்யலாம். எந்தக் கட்டம் கட்டாயம், எது எண், எது தேதி என்று விதிகளைத் தனியே அறிவித்துவிட்டு, சோதிப்பது, மாற்றுவது, சேமிப்பது ஆகிய நிலைகளைக் குழாய்த்தொடராக அமைத்துவிடலாம். எப்படிச் செய்வது என்பதைப் பொறி பார்த்துக்கொள்ளும்.

இந்த நோக்கத்தோடு எக்ஸ்ஃபார்ம்ஸ் என்னும் தரமுறையை உலகளாவிய வலைச் சங்கம் 2003-இல் அங்கீகரித்தது. நல்ல முயற்சிதான், ஆனால் பெரிய உலாவிகள் எதுவும் அதை நேரடியாக ஏற்கவில்லை. கற்பதற்கும் அது சுலபமாக இல்லை என்பது என் எண்ணம். எளிய வடிவம்தான் நிலைத்தது. 2014-இல் தரமுறையான எச்.டி.எம்.எல். 5-இல், ஒரு கட்டத்தின் பக்கத்தில் ‘கட்டாயம்’ என்னும் பொருள்பட ஒரே சொல்லை எழுதினால் போதும். சோதனையை உலாவியே செய்துவிடும்.

அதனால் செயல்முறைக் கட்டளை மறைந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். பாதிச் சரக்கு நனைந்து வந்தால் என்ன செய்வது என்பது போன்ற விதிவிலக்குகளைப் பட்டியலில் அடக்குவது கடினம். அங்கே படிப்படியாகச் சொல்வதே தெளிவு. மேலும், உலாவியின் சோதனையைத் தாண்டிப் பொய்யான விவரத்தை நேரே அனுப்பிவிட எவராலும் முடியும். ஆகவே மறுமுனையிலுள்ள கணினி எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை சோதிக்கிறது. கே 1 படிவம் பிழையின்றி நிரப்பப்பட்டிருந்தாலும், சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லையா, அதைப் போல.